பிள்ளைக்குப் பள்ளி தேடும்முன் ஆஸ்டினைக் கவனியுங்கள்: டெக்சஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டாலஸ் பக்கம் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு தமிழ் வாட்ஸ்அப் குழுவில் உங்களைச் சேர்த்துவிடுவார்கள். மறுநாளே அதில் ஒரு செய்தி வரும்: "சார்ட்டர் ஸ்கூல்ல போடுங்க, பிரைவேட் மாதிரி இருக்கும், ஃபீஸ் கிடையாது." அதற்குக் கீழே இன்னொருவர்: "இப்ப கவர்மென்டே பத்தாயிரம் டாலர் குடுக்குது, பிரைவேட்லயே போட்டுடலாம்." மூன்றாமவர்: "விசால இருந்தா ஒண்ணும் கிடைக்காது." மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பள்ளியின் இணையதளத்தில் தேடினால் கிடைக்காது. அது ஆஸ்டினில், மாநிலச் சட்டமன்றத்தில் இருக்கிறது.

நானும் முதலில் மதிப்பீடு, தூரம், பஸ் என்று எக்செல் ஷீட் போட்டுத்தான் பள்ளி தேடினேன். அந்த ஷீட்டின் அடியில் இருக்கும் விதிகளே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறக்கூடியவை என்பது பிறகுதான் உறைத்தது. அமெரிக்காவில் பள்ளிக்கூடம் என்பது பெரும்பாலும் மாநில விஷயம். வாஷிங்டனில் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட உங்கள் தொகுதியின் மாநில எம்.எல்.ஏ. யார் என்பது உங்கள் பிள்ளையின் வகுப்பறைக்கு நெருக்கமான கேள்வி.

இன்னொன்று. பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று பெற்றோரே முடிவு செய்வதை இங்கே எல்லாரும் "ஸ்கூல் சாய்ஸ்" என்பார்கள். அதைப் பள்ளித் தேர்வு என்று எழுதினால் பரீட்சை என்று படித்துவிடுவீர்கள். அதனால் ஸ்கூல் சாய்ஸ் என்றே வைத்துக்கொள்கிறேன்.

1. எந்தப் பள்ளி எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஐ.எஸ்.டி. எனப்படும் பள்ளி மாவட்டம்தான் அடிப்படை. வீட்டு முகவரியை வைத்துப் பள்ளி ஒதுக்குவார்கள். அதை நடத்தும் குழுவை உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். சொத்து வரியின் பெரும்பகுதி அங்கே போகிறது. வாடகை வீட்டில் இருந்தாலும் நீங்களும் மறைமுகமாக அதைக் கட்டுகிறீர்கள்.

சார்ட்டர் பள்ளியும் அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளிதான். ஆனால் நடத்துவது ஒரு லாப நோக்கற்ற அமைப்பு. அதன் நிர்வாகக் குழுவை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. சொத்து வரி விதிக்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. ஆகவே அது மாநில நிதியையே நம்பியிருக்கிறது. நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். கல்விக் கட்டணமும் நன்கொடையும் கிடையாது. நுழைவுத் தேர்வு வைத்து நல்ல பிள்ளைகளைப் பொறுக்கிக்கொள்ளவும் முடியாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். ஆர்.டி.இ. சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு மெட்ரிக் பள்ளி வாசலில் குலுக்கல் பார்த்தவர்களுக்கு இந்தப் படபடப்பு புதிதல்ல.

இந்த வகைப் பள்ளிகளே சட்டமன்றம் பெற்ற பிள்ளைகள்தான். 1995-ல் ஒரு சட்டம் வந்தது, பள்ளிகள் வந்தன. இன்று டெக்சஸில் அரசுப் பணத்தில் படிக்கும் சுமார் 55 லட்சம் பேரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்ட்டரில் படிக்கிறார்கள்.

தனியார் பள்ளியும் வீட்டுக்கல்வியும் மற்ற இரண்டு வழிகள். 2026-27 கல்வியாண்டிலிருந்து அவற்றுக்கும் அரசுப் பணம் உண்டு. அதை நான்காவது படியில் விரிவாகப் பார்ப்போம்.

விசா பயம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.எஸ்.டி. பள்ளியோ சார்ட்டரோ, பிள்ளையின் குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி இடம் மறுக்க முடியாது. 1982-ல் பிளைலர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அது. அந்த வழக்கே டெக்சஸிலிருந்து போனதுதான்.

2. யார் கையில் எந்தச் சாவி

இங்கே ஆளுநர் என்றால் ராஜ்பவனில் இருப்பவர் போல் அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், ஏறக்குறைய நம் முதல்வர் போன்றவர். மசோதாவை வீட்டோ செய்யலாம், சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டலாம். கல்வி ஆணையரை நியமிப்பதும் அவரே. அந்த ஆணையர் தலைமையில் இயங்குவது டி.இ.ஏ. என்கிற மாநிலக் கல்வி முகமை.

சட்டமன்றத்தில் இரண்டு அவைகள். கீழவையில் 150 பேர், செனட்டில் 31 பேர். செனட்டை நடத்துபவர் துணை ஆளுநர். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், எந்த மசோதா விவாதத்துக்கு வரும் என்பதில் அவருக்கு இருக்கும் பிடி அசாத்தியமானது.

புதிய சார்ட்டர் அமைப்புக்கு அனுமதி தருவது யார் என்பதையே 2013-ல் ஒரு சட்டம் மாற்றியது. அதுவரை தேர்ந்தெடுக்கப்பட்ட 15 பேர் கொண்ட மாநிலக் கல்வி வாரியம் அனுமதி தந்துகொண்டிருந்தது. பிறகு அந்த அதிகாரம் ஆணையருக்குப் போய், வாரியத்திடம் வீட்டோ மட்டும் மிஞ்சியது. அதைச் சும்மா வைத்திருக்கவில்லை: 2022-ல் ஆணையர் பரிந்துரைத்த 5 புதிய சார்ட்டர்களில் 4-ஐ வாரியம் தடுத்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே இயங்கும் சார்ட்டர் அமைப்பு புதிய கிளை திறக்க வாரியத்திடம் போகவே வேண்டாம், ஆணையர் ஒப்புதல் போதும். உங்கள் ஏரியாவில் திடீரென்று முளைக்கும் சார்ட்டர் கட்டடங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட கிளைகள்தான். கட்டட அனுமதியில் நகராட்சி சார்ட்டரை ஐ.எஸ்.டி. பள்ளியைப் போலவே நடத்த வேண்டும் என்று 2023-ல் இன்னொரு சட்டமும் வந்தது.

மூடுவதற்கும் சட்டம் உண்டு. மாநில மதிப்பீட்டில் மூன்று ஆண்டு தொடர்ந்து தேறாத சார்ட்டரின் அனுமதி ரத்தாகும் என்பது அதே 2013 சட்டத்தின் இன்னொரு பகுதி. ஐ.எஸ்.டி.க்களுக்கு 2015-ல் வந்தது. ஒரே ஒரு பள்ளி ஐந்து ஆண்டு தொடர்ந்து தவறினாலும், மாநிலம் அந்தப் பள்ளியை மூட வேண்டும் அல்லது முழு மாவட்டத்தின் நிர்வாகக் குழுவையே மாற்ற வேண்டும். வீட்லி என்ற ஒரு உயர்நிலைப் பள்ளியைக் காரணமாக வைத்து, மாநிலத்தின் மிகப் பெரிய மாவட்டமான ஹூஸ்டன் ஐ.எஸ்.டி.யை 2023 ஜூனில் டி.இ.ஏ. கையில் எடுத்தது இந்தச் சட்டத்தை வைத்துத்தான். மக்கள் தேர்ந்தெடுத்த குழு ஒதுக்கப்பட்டு, நியமனக் குழு உட்கார்ந்தது. எங்கோ ஒரு மசோதாவில் சேர்ந்த சில வரிகள் எட்டு ஆண்டு கழித்து ஒரு பெருநகரத்தின் பள்ளிகளை எல்லாம் தொட்டன.

3. 2023-ல் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த ஒரு கதை புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் திட்டத்தை ஆளுநர் கிரெக் ஆபட் 2023-ல் தன் முதன்மை வேலையாக எடுத்துக்கொண்டார். செனட் ஒப்புக்கொண்டது. கீழவையில் சிக்கல். ஜனநாயகக் கட்சி எதிர்த்தது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஆளுநரின் சொந்தக் குடியரசுக் கட்சியிலேயே கிராமப்புற உறுப்பினர்கள் முரண்டு பிடித்தார்கள். காரணம் எளிது: அவர்கள் ஊரில் தனியார் பள்ளியே இல்லை. ஊரில் பலருக்கு வேலை தருவது ஐ.எஸ்.டி.தான், வெள்ளிக்கிழமை இரவு ஊரே கூடுவது பள்ளி ஃபுட்பால் மைதானத்தில்.

அந்த ஆண்டு ஆபட் நான்கு சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டினார், கடைசி இரண்டின் மையம் இந்த விஷயம். நவம்பர் 17 அன்று, கல்வி மசோதாவிலிருந்து வவுச்சரை மட்டும் உருவி எடுக்கும் திருத்தத்தை ஜான் ரேனி என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் கொண்டுவந்தார். 84-க்கு 63 என்று அது ஜெயித்தது. 21 குடியரசுக் கட்சியினர் கட்சி மாறி ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

இங்கேதான் உங்கள் வீட்டுக்குச் சம்பந்தம் வருகிறது. ஆசிரியர் சம்பளமும் பொதுப் பள்ளி நிதியும் வவுச்சரோடு ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. வவுச்சர் விழுந்ததும் அவையும் விழுந்தன. ஒரு மாணவருக்கு மாநிலம் நிர்ணயிக்கும் அடிப்படைத் தொகை 2019-ல் 6,160 டாலர். விலைவாசி எங்கேயோ போயும் 2025 வரை அது அப்படியே நின்றது. மாணவர் எண்ணிக்கை குறைந்ததும் சேர்ந்துகொள்ள, பல மாவட்டங்கள் செலவைக் குறைத்தன. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் பிளேனோவும் கொப்பெலும் 2024-ல் சில பள்ளிகளை மூட முடிவெடுத்தன. "நல்ல ஐ.எஸ்.டி." என்று விசாரித்து வீடு வாங்கியவர்கள் நடந்து போகும் தூரத்துப் பள்ளியை இழந்தார்கள். வவுச்சர் வேண்டும் வேண்டாம் என்று ஒருநாளும் யோசித்திராதவர்கள் அவர்களில் பலர்.

2024 மார்ச் பிரைமரியில், அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் தேர்தலில், ஆபட் தன் கட்சிக்குள்ளேயே அந்த எதிர்ப்பாளர்களுக்கு எதிராக இறங்கிப் பிரச்சாரம் செய்தார். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜெஃப் யாஸ் என்ற பெரும்பணக்காரர் மட்டுமே அவருக்கு 60 லட்சம் டாலர் கொடுத்திருந்தார். எதிர்ப்பாளர்கள் பலர் தோற்றார்கள். 2025 ஏப்ரலில் அதே கீழவை, வவுச்சர் திட்டத்துக்கான எஸ்.பி. 2 (செனட் மசோதா 2) மசோதாவை நிறைவேற்றியது. எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியினர் இருவர் மட்டும். மே 3 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். அந்த அமர்வில் பொதுப் பள்ளிகளுக்கும் எச்.பி. 2 என்ற கீழவை மசோதா வழியாக சுமார் 850 கோடி டாலர் கிடைத்தது. ஆனால் பெரும்பகுதி சம்பளம் போன்ற குறிப்பிட்ட தலைப்புகளுக்கே. அடிப்படைத் தொகை ஏறியது 55 டாலர்.

நவம்பர் பொதுத் தேர்தலில் இதெல்லாம் முடிவாகவில்லை, மார்ச் பிரைமரியில்தான் முடிவானது. பெரும்பாலான தொகுதிகள் ஏதோ ஒரு கட்சிக்குச் சாதகமாகவே வரையப்பட்டிருப்பதால், உண்மையான போட்டி கட்சிக்குள்தான். அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடுபவர்களோ கொஞ்சம் பேர்.

4. எஸ்.பி. 2 பணம் உங்களுக்கு வருமா என்று கணக்குப் பாருங்கள்

இந்தத் திட்டத்தை நடத்துவது டி.இ.ஏ. அல்ல, கம்ப்ட்ரோலர் எனப்படும் மாநில நிதி அதிகாரி. முதல் இரண்டு ஆண்டுக்கு ஒதுக்கீடு 100 கோடி டாலர். அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்குச் சற்று மேல், வீட்டுக்கல்விக்கு 2,000 வரை, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு 30,000 வரை. பணம் உங்கள் கைக்கு வராது. ஒரு கணக்கில் இருக்கும், அனுமதித்த செலவுக்கு மட்டும் போகும்.

எல்லாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பணத்தைவிட ஆள் அதிகமானால் வரிசை உண்டு. முன்னால் நிற்பது மாற்றுத்திறன் உள்ள, நடுத்தர வருமானத்துக்கு உட்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். அடுத்து குறைந்த வருமானக் குடும்பங்கள். கூட்டாட்சி வறுமைக் கோட்டின் ஐந்து மடங்குக்கு மேல் சம்பாதிக்கும் குடும்பங்கள் கடைசி, அவர்களுக்கு மொத்த நிதியில் 20 சதவீதம்தான் உச்சவரம்பு. 2025 கணக்கில் நான்கு பேர் குடும்பத்துக்கு அந்த ஐந்து மடங்கு சுமார் 1,60,000 டாலர். கணவன் மனைவி இருவரும் ஐ.டி. வேலை என்றால் நீங்கள் எந்த வரிசையில் இருக்கிறீர்கள் என்பது இப்போது தெரிந்திருக்கும். அந்தப் பணத்தை நம்பித் தனியார் பள்ளியில் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

குடியுரிமை விஷயத்தில் இது பொதுப் பள்ளி போல இல்லை. பிள்ளை அமெரிக்கக் குடிமகனாகவோ சட்டப்படி நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும். எச்-4 விசாவில் வந்த பிள்ளை சட்டப்படி வந்த பிள்ளைதான். இருந்தாலும் என்ன ஆவணம் கேட்கிறார்கள் என்பதை அந்தந்த ஆண்டு விண்ணப்ப விதியில் படித்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் அல்ல.

இடம் தருவதா இல்லையா என்பது தனியார் பள்ளியின் விருப்பம். அரசுப் பணம் வாங்குவதால் அந்த உரிமை போகவில்லை. சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளை உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். பொதுப் பள்ளியில் கூட்டாட்சிச் சட்டம் தரும் பாதுகாப்புகள் தனியார் பள்ளிக்கு அப்படியே கூட வராது. 30,000 என்ற எண்ணைப் பார்த்ததும் பள்ளியை மாற்றிவிடாமல், போகிற இடத்தில் பேச்சுப் பயிற்சியோ தெரபியோ யார் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

5. சார்ட்டருக்கு விண்ணப்பிக்கும்போது

பெரும்பாலான சார்ட்டர்களில் விண்ணப்பம் இலையுதிர் காலத்தில் திறந்து, குளிர்காலத்தில் மூடி, அப்புறம் குலுக்கல். ஜூலையில் வந்து இறங்கிவிட்டு ஆகஸ்டுக்கு இடம் கேட்டால் காத்திருப்போர் பட்டியல்தான். ஆனாலும் பெயரைக் கொடுத்து வையுங்கள், பள்ளி திறந்த முதல் வாரங்களில் பட்டியல் நகர்வது உண்டு. நான்கைந்து இடங்களில் விண்ணப்பிப்பதில் தவறில்லை. ஐ.எஸ்.டி. பள்ளியில் பதிவு செய்வதை மட்டும் இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

போன் செய்து கேட்க வேண்டியவை சில. உங்கள் முகவரி அவர்களுடைய எல்லைக்குள் வருகிறதா? அண்ணன் தங்கைக்கு முன்னுரிமை உண்டா? பஸ் உண்டா? பல சார்ட்டர்களில் பஸ் இல்லை, காலையும் மாலையும் கார் வரிசையில் நிற்பது ஒரு பகுதிநேர வேலை மாதிரி ஆகிவிடும். ஒழுங்கு நடவடிக்கைப் பதிவு உள்ள மாணவரை விலக்கச் சார்ட்டர்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, அதில் இந்தப் பள்ளியின் கொள்கை என்ன?

பள்ளிக்கு அரசு தரும் ஏ முதல் எஃப் வரையான மதிப்பீட்டைப் பார்க்கும்போது எந்த ஆண்டுடையது என்று பாருங்கள். மதிப்பிடும் முறையை டி.இ.ஏ. மாற்றியதை எதிர்த்து மாவட்டங்கள் வழக்குப் போட, 2023-க்கான மதிப்பீடுகள் 2025 ஏப்ரலில்தான் வெளியாயின. இடையில் வீடு விற்கும் தளங்கள் பழைய எண்களையே காட்டிக்கொண்டிருந்தன. மாநிலம் ஆண்டுதோறும் நடத்தும் ஸ்டார் தேர்வையே கைவிட்டு, 2027-28 முதல் ஆண்டுக்கு மூன்று சிறு தேர்வுகள் வைக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. அதாவது அளவுகோலும் சட்டமன்றத்தின் கையில்தான்.

நான்கு வயதுப் பிள்ளை உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் தெரியாத பிள்ளைக்கு டெக்சஸில் இலவச ப்ரீ-கே (நம் எல்.கே.ஜி. போன்ற வகுப்பு) தகுதி உண்டு, வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. வீட்டில் என்ன மொழி என்று பள்ளி கேட்கும் படிவத்தில், ஏதோ கௌரவக் குறைவு போல "ஆங்கிலம்" என்று எழுதும் நம்மவர்கள் எத்தனையோ பேர். வீட்டில் தமிழ் பேசினால் தமிழ் என்று எழுதுங்கள். பிள்ளைக்கு மொழி உதவியும், அதற்கான கூடுதல் நிதி பள்ளிக்கும் போவது அந்தப் பதிலில் தொடங்குகிறது.

6. விசாவில் இருப்பவர் என்ன செய்யலாம், என்ன கூடாது

கூடாததை முதலில் சொல்கிறேன். குடியுரிமை இல்லாமல் ஓட்டாளராகப் பதிவு செய்யாதீர்கள். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் அலுவலகத்தில் அந்தக் கேள்வி வரும். தெரியாமல் "ஆமாம்" என்று போட்டால்கூடப் பின்னாளில் கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாவற்றுக்கும் ஆபத்து. எச்-1பி, எச்-4, எல்-1 விசாவில் இருப்பவர்கள் எந்த வேட்பாளருக்கும் நன்கொடை தரக் கூடாது, உள்ளூர்ப் பள்ளிக் குழுத் தேர்தல் உட்பட. கிரீன் கார்டு இருந்தால் நன்கொடை தரலாம், ஓட்டுப் போட முடியாது.

மற்றபடி வாய் திறக்கத் தடை இல்லை. "யார் என் பிரதிநிதி" என்று தேட மாநிலச் சட்டமன்றமே ஒரு தளம் வைத்திருக்கிறது. முகவரியைப் போட்டால் கீழவை, செனட், கல்வி வாரியம் என்று மூன்று பெயரும் வரும். டெக்சஸ் லெஜிஸ்லேச்சர் ஆன்லைன் தளத்தில் மசோதா எண்ணைப் பதிந்து வைத்தால், அது நகரும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும். மசோதா பெரும்பாலும் சாவது அவையில் அல்ல, குழுவில். கீழவையில் பொதுக் கல்விக் குழுவைத் தாண்டினாலும், எதை எப்போது விவாதிப்பது என முடிவு செய்யும் காலண்டர்ஸ் குழுவில் சத்தமில்லாமல் முடங்கிப்போகும். ஆகவே குழு விசாரணைத் தேதிதான் முக்கியம்.

விசாரணையில் பேச ஆஸ்டினில் உள்ள கேபிட்டல் எனும் சட்டமன்றக் கட்டடத்துக்கு நேரில் போக வேண்டும். அங்கே உள்ள கியோஸ்கில் ஆதரவு, எதிர்ப்பு, பொதுக் கருத்து என மூன்றில் ஒன்றைத் தேர்ந்து பெயர் பதியலாம். பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம், அதற்காகப் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்கவும் நேரலாம். பெரிய மசோதா என்றால் நள்ளிரவு தாண்டும். தண்ணீர் பாட்டில், சார்ஜர், புளியோதரை மூன்றையும் கொண்டு போங்கள். போக முடியாதவர்கள், டெக்சஸில் வசிப்பவராக இருந்தால், கீழவைக் குழுக்களுக்கு இணையத்தில் கருத்து எழுதலாம். உறுப்பினர் அலுவலகத்துக்குப் போன் செய்வது இதைவிடச் சுலபம். எடுப்பவர் இளம் உதவியாளர், தொகுதிக்காரர் என்றதும் பெயரும் அஞ்சல் எண்ணும் கேட்டுக் குறித்துக்கொள்வார். "என் பிள்ளை இந்தப் பள்ளியில் படிக்கிறாள், இந்த மசோதாவால் இது ஆகும்" என்று சொன்னால் போதும்.

7. வேறு மாநிலத்துக்கு மாறினால்

மேலே சொன்ன எதையும் அங்கே நம்பாதீர்கள். சார்ட்டர் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது 1991-ல் மினசோட்டா. நெப்ராஸ்காவில் அப்படி ஒரு சட்டமே இல்லை. கென்டக்கியில் 2017-ல் சட்டம் வந்தும் நிதி வழி பிறக்காமல் பள்ளி பிறக்கவில்லை. தனியார் பள்ளிக்குப் பணம் தர அரசியல் சாசனத்தைத் திருத்தலாமா என்று 2024-ல் மக்களிடமே கேட்டபோது, அங்கே மக்கள் வேண்டாம் என்றார்கள். அரிசோனா 2022-லேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் கணக்குத் திறந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் 2019-லிருந்து, புதிய சார்ட்டரால் தங்கள் நிதி பாதிக்குமா என்று பார்த்து மாவட்டம் மறுக்க முடியும். வேலை மாற்றம் வந்தால், வீடு தேடும் தளத்தைத் திறக்கும்முன் அந்த மாநிலத்தில் சார்ட்டர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா, அனுமதி தருவது யார், தனியார் பள்ளிக்குப் பணம் உண்டா என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

டெக்சஸிலேயே இருப்பவர்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டியவை: சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில், 140 நாள் மட்டும் கூடும். 2027 அமர்வுக்கு முன்கூட்டியே மசோதா தாக்கல் செய்வது 2026 நவம்பர் 9-ல் தொடங்குகிறது. அமர்வு 2027 ஜனவரி 12-ல் தொடங்கும், பொதுவான மசோதாக்களுக்குக் கடைசி நாள் மார்ச் 12, அமர்வு முடிவது மே 31. எஸ்.பி. 2-க்கு அடுத்த இரண்டு ஆண்டுக்கு எத்தனை கோடி என்பது அந்த பட்ஜெட்டில் தெரியும். விசாரணைகள் சூடுபிடிப்பது வழக்கமாக மார்ச்சும் ஏப்ரலும், ஸ்பிரிங் பிரேக் பயணத்தை அதற்கேற்பப் போட்டுக்கொள்ளுங்கள்.